மனச்சோர்வுக் குளிசை எடுத்துக்கொண்டு இரவில் லொறி ஓட்டலாமா?

கேள்வி: லொறிச் சாரதி, களுவாஞ்சிக்குடி

பதினான்கு வருடங்களாகக் கனரக வாகனம் ஓட்டுகிறேன். வாரத்தில் இரண்டு தடவை அரிசி ஏற்றிக்கொண்டு மாலையில் புறப்பட்டு, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை வழியாக விடியுமுன் கொழும்பு போய்ச் சேர வேண்டும். ஆறு மாதங்களாக எனக்கு ஒழுங்கான நித்திரையும் இல்லை, சாப்பாடும் செல்வதில்லை. போன மாதம் வெலிக்கந்தைப் பக்கம் வீதியோரத்தில் நின்ற யானையை, கிளீனர் பொடியன் கத்திய பிறகுதான் கண்டேன். நான் தூங்கவில்லை, கண் திறந்தே இருந்தது, ஆனால் மனம் வீதியில் இல்லை. அந்தப் பயம்தான் என்னை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கொண்டுபோனது. காலையில் ஒன்று என்று ஃப்ளூஒக்செட்டின் 20 மில்லிகிராம் தந்தார்கள். இன்று ஒன்பதாம் நாள். இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

வைத்தியர் தொழிலைக் கேட்டபோது, வெட்கத்தில் கூலி வேலை என்று சொல்லிவிட்டேன். விசர்க் குளிசை குடிக்கிறவனுக்குச் சாவி தரமுடியாது என்று எங்கள் முதலாளி இன்னொரு சாரதியைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இணையத்தில் தேடினால் அமெரிக்கச் சட்டங்களே வருகின்றன. லொறி ஓடும் நாட்களில் மட்டும் குளிசையை விட்டுவிட்டால் சரியா? அனுமதிப்பத்திரத்துக்குப் பாதிப்பு வருமா?

பதில்: ஓய்வுபெற்ற சாரதி, அக்கரைப்பற்று

தம்பி, நானும் இந்த வழியால் வந்தவன். எனக்கு இரவில் குடிக்கும்படி அமிட்ரிப்டிலின் தந்தார்கள். இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டு அதிகாலை மூன்று மணிக்கு வண்டி எடுத்தால் தலை பஞ்சுபோல இருக்கும். சியம்பலாண்டுவையைத் தாண்டியது நினைவில் இராது. வெற்றிலை போட்டும் பிளேன்ரீ குடித்தும் சமாளிக்கலாம் என்று நினைத்தது என் பிழை. எத்தனை மணிக்கு வண்டி எடுக்கிறேன் என்பதை வைத்தியரிடம் சொன்ன அன்றே அவர் மருந்தை மாற்றினார். நான் மூன்று மாதம் பட்ட பாட்டுக்கு, அந்த ஒரு விடயத்தை மறைத்ததுதான் காரணம். தயவுசெய்து நீங்களும் மறைக்காதீர்கள்.

பதில்: மருந்தாளர், கல்முனை

ஓடும் நாளில் மட்டும் விடுவதில் பயன் இல்லை. ஃப்ளூஒக்செட்டின் உடம்பில் பல நாட்கள் தங்கும் மருந்து. இன்று விட்டாலும் இன்றிரவு அது இரத்தத்தில் இருக்கவே செய்யும். இதே வகையைச் சேர்ந்த செர்ட்ரலின் போன்ற குளிசைகளை விட்டுவிட்டுக் குடித்தால் தலைச்சுற்றும், மின்சாரம் பட்டதுபோன்ற அதிர்வும் வரலாம். அது வாகனம் ஓட்டும்போது வரக்கூடாத ஒன்று. குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். குமட்டல், பதற்றம், நித்திரைக் குழப்பம் போன்ற தொந்தரவுகளோ முதல் நாட்களிலேயே வந்துவிடும். ஆகவே தொடங்கும்போதும், அளவை மாற்றும்போதும், உடம்பு எப்படி ஏற்கிறது என்று தெரியும்வரை இரவு ஓட்டத்தை நிறுத்துவதே சரி. நல்ல குணம் கண்ட பின்னரும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். இடையில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, கடையில் கேட்டு வாங்கும் மற்றக் குளிசைகள்தான். தடிமனுக்கு வாங்கும் பிரிட்டோன் நித்திரையைக் கொண்டுவரும். முதுகுவலிக்கு டைக்ளோபினாக் சேர்த்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் கூடும். ட்ரமடோல் என்ற வலிக் குளிசையைச் சேர்ப்பது அதைவிட மோசமானது. எதை வாங்கினாலும் கிளினிக் கொப்பியைக் காட்டி வாங்குங்கள். மது முற்றாக வேண்டாம்.

அமெரிக்காவில்கூட, சாரதியின் நோய் வரலாற்றை அறிந்த வைத்தியர் ஒருவர் எழுதித் தந்த மருந்தாக இருந்து, அது பாதுகாப்பாக ஓட்டுவதைப் பாதிக்காது என்று அவர் சொல்லியிருந்தால், அந்தக் குளிசையே தடையாவதில்லை. இங்கே கனரக அனுமதிப்பத்திரத்துக்குத் தேசியப் போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். அங்கே கேட்பதற்கு உண்மையைச் சொல்லுங்கள், உளநல வைத்தியரின் கடிதத்தையும் கொண்டுபோங்கள். மருந்தே இல்லாமல், நித்திரை கெட்டு, மனம் வீதியில் இல்லாமல் ஓடிய அந்த ஆறு மாதம்தான் உங்களுக்கும் வீதியில் போகிறவர்களுக்கும் உண்மையான ஆபத்தாக இருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

பதில்: சாரதி ஒருவரின் மனைவி, செங்கலடி

என் கணவர் ஒரு வருடமாக இதே மருந்தில் இருக்கிறார். முதல் மூன்று வாரமும் வீட்டில் நின்றார். நகையை அடகு வைத்துத்தான் சமாளித்தோம். அந்த நாட்களில் குளிசையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இப்போது பகல் ஓட்டம் மட்டும் போகிறார். உங்கள் வீட்டில் இதைச் சொன்னீர்களா, அண்ணா? கொப்பியை வண்டிக்குள் ஒளித்து வைத்திருந்தால், முதலில் மனைவியிடம் காட்டுங்கள். கிளினிக் நாள் வருமுன் மனம் மிகவும் மோசமானால், உயிரை விடும் நினைப்பு வந்தால், 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

பதில்: கேள்வி கேட்டவர்

கொப்பி ஆசனத்துக்கு அடியில்தான் இருந்தது, தங்கச்சி. இன்று வீட்டுக்குள் கொண்டுவந்து மனைவியிடம் காட்டிவிட்டேன். இந்த வாரமும் அடுத்த வாரமும் மைத்துனர் வண்டியை எடுக்கிறார். முதலாளியிடம் உடம்புக்கு முடியவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை கிளினிக்கில் லொறி என்றும், இரவு ஓட்டம் என்றும் சொல்லப்போகிறேன்.