சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம்: அம்மாவின் அச்சமும் என் ஐயங்களும்

கோவைக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு, என் பெற்றோரையும் சேர்த்து மூவருக்குப் பதிவு செய்திருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. ஊட்டிக்குப் பேருந்தில் போனால் பர்லியாறு தாண்டுவதற்குள் அவருக்குத் தலை சுற்றிவிடும். கப்பலின் படத்தைக் காட்டிய நாளிலிருந்து, "இத்தனை மாடிக் கட்டடத்தைத் தண்ணி மேல நிறுத்தியிருக்கறாங்களே, சாஞ்சுராதா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கணக்கு வாத்தியாராகிய எனக்கே விடை தெரியவில்லை. அறையை எங்கே எடுப்பது, ஆவணங்களில் எதைக் கவனிப்பது, அத்தனை பேருக்கும் குளிக்கவும் குடிக்கவும் நடுக்கடலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தோ பாயோ வாசி:
இதே தடத்தில் மூன்று முறை போய்வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் விசாவைப் பாருங்கள். கப்பலில் ஏறும்போதே நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறிவிட்டதாகப் பதிவாகிவிடும். திரும்பி வந்து இறங்குவது புதிய நுழைவு. ஆகவே ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவாக இருந்தால் சிக்கல்தான். சிங்கப்பூர் வருகை அட்டையையும் இரண்டாம் முறை இணையத்தில் நிரப்ப வேண்டியிருக்கும். மலேசியா, தாய்லாந்து விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்துசேரச் சில நேரம் இருட்டிவிடும். அப்பா, அம்மாவின் மாத்திரைகளையும் ஒரு மாற்றுடையையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கப்பல்காரர்கள் புயலைவிடத் தீயைக் கண்டுதான் அதிகம் அஞ்சுவார்கள் என்பதால், சோதனையில் அவற்றை எடுத்து வைத்துவிடுவார்கள்.

புக்கெட்டில் கடிகார விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. சென்ற முறை எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது. என் கைப்பேசியோ கரையில் இறங்கியதும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கடைத்தெருவில் இளநீர் குடித்துக்கொண்டு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தபோது, உண்மையில் அரை மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. பாத்தோங் கடற்கரையில் கப்பல் கரையை அணையாமல் விரிகுடாவில் நங்கூரமிடும்; படகில்தான் போய்வர வேண்டும். கடைசிப் படகில் மூச்சிரைக்க ஏறியபோது என் மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அம்மாவுக்கு அந்தப் படகில் ஏறி இறங்குவது சிரமமாகத் தெரிந்தால் கப்பலிலேயே இருந்துவிடலாம். ஊரே இறங்கிப்போன கப்பல் அன்று வெகு அமைதியாக இருக்கும்.

பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. சுவெட்டன்ஹாம் துறையிலேயே கப்பல் அணைவதால், இறங்கி நடந்தே லிட்டில் இந்தியாவுக்கும், 1833இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்கும் போய்விடலாம்.

ஓய்வுபெற்ற எஞ்சினியர்:
சரக்குக் கப்பல்களிலும், கடைசி ஆறு ஆண்டுகள் பயணிகள் கப்பலிலும் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன். அம்மாவின் கேள்வி அருமையான கேள்வி. நாம் பார்ப்பது கப்பலின் உயரத்தை. கப்பலை நிலைநிறுத்துவது அதன் அகலமும் அடிப்பாரமும். எஞ்சின்கள், எரிபொருள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் அடித்தளங்களில் இருக்கின்றன. மேலடுக்குகள் பார்வைக்குப் பெரியவையாக இருந்தாலும் பெரும்பகுதி வெற்றிடமே. கப்பலுக்குச் சொல்லப்படும் மொத்த டன் என்பதுகூட எடை அல்ல, உள்ளிடத்தின் கொள்ளளவு. 46,000 டன் டைட்டானிக்கின் அகலம் 28 மீட்டர். அது தண்ணீருக்குள் பத்தரை மீட்டர் அமிழ்ந்திருந்தது. 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் ஏறத்தாழ 2,48,000 டன். அகலம் 48 மீட்டர். அமிழ்ந்திருப்பதோ ஒன்பது மீட்டர் சொச்சம்தான். தாம்பாளம் சொம்பைப் போலச் சாயாது அல்லவா, அதே கணக்கு. (அம்மாவிடம் சொல்லும்போது டைட்டானிக் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.)

பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க, தண்ணீருக்கு அடியில் இருபுறமும் மீன் துடுப்புபோல நீளும் தகடுகள் உண்டு. அலைக்கு எதிர்த்திசையில் அவை தாமாகவே திரும்பிக் கப்பலை நிமிர்த்தும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பயனில்லை. சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியாததுபோல, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை எடுத்தால் அம்மாவுக்கு நிம்மதி. டிசம்பரில் மலாக்கா நீரிணை பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். மாத்திரை வேண்டுமானால் அவருடைய மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். இஞ்சி மரப்பாவும் இருக்கட்டும்.

தண்ணீரைக் கப்பலிலேயே செய்துகொள்கிறோம். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் சூடான நீரின் வெப்பத்தைக் கொண்டு கடல்நீரைக் கொதிக்கவைப்போம். காற்றழுத்தத்தைக் குறைத்த கலத்தில் ஐம்பது டிகிரிக்குள்ளேயே அது கொதித்துவிடும்; ஆவியைக் குளிர்வித்தால் நல்ல தண்ணீர். அதற்கு ருசியே இருக்காது என்பதால் தாதுக்களையும், கிருமி நீக்கக் குளோரினையும் சேர்த்த பிறகே குழாய்க்கு அனுப்புவோம். சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டும் இயந்திரங்களும் உண்டு. துறைமுகத்து அழுக்கு நீரில் இந்த வேலையைச் செய்ய மாட்டோம்.

ஒரு வேண்டுகோள். ஆபத்தை அறிவிக்கும் ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்ற பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்த இரவில், அன்று ஏறிய பல நூறு பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று விதி மாறியது.

கோவைக்காரர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நடுப்பகுதியில் ஆறாம் தளத்துக்கு அறையை மாற்றிவிட்டேன். தாம்பாளக் கணக்கு அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. இப்போது புதிய கேள்வி கேட்கிறார்: துறைமுகத்திலிருந்து கப்பலை வெளியே கொண்டுவந்து விடுவதற்கென ஒருவர் ஏறுவாராமே, அவர் வீட்டுக்கு எப்படித் திரும்புவார்?

ஓய்வுபெற்ற எஞ்சினியர்:
அவர்தான் பைலட். வெளிக்கடலை நெருங்கியதும் ஒரு சிறு படகு வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் விலாவை ஒட்டியபடி அதே வேகத்தில் ஓடும். தண்ணீரை ஒட்டி இருக்கும் கதவு திறக்கும். கயிற்றேணியில் இறங்கி, படகு அலையில் மேலே எழும் கணம் பார்த்து அவர் காலை வைப்பார். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நடந்துவிடும் என்பதால், அம்மாவை முன்கூட்டியே மேல்தளத்துக்கு அழைத்துப் போங்கள். காற்று மறைவாக இருக்கும் பக்கத்தில்தான் ஏணியைத் தொங்கவிடுவார்கள். அந்தப் பக்கமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள்.