ஜி.எஸ்.டி ரோட்டு வீடு: விற்றுவிட்டுப் போவதா, அங்கேயே இருப்பதா?

குரோம்பேட்டைக்காரன்:
சென்னை குரோம்பேட்டையில், தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி ரோட்டை ஒட்டியே எங்கள் வீடு. அப்பா 1979-ல் கட்டினார். அப்போதெல்லாம் வாசலில் ஈஸிசேர் போட்டுப் பேப்பர் படிப்பார். ரோட்டை அகலப்படுத்தியதில் முன்பக்கத் தோட்டமும் வேப்பமரமும் போயின. இப்போது காம்பவுண்டுக்கும் வண்டிகளுக்கும் நடுவே ஒரு சாக்கடை மூடிதான் மிச்சம். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் அம்மா (76 வயது), நான், மனைவி, ஏழு வயதுப் பையன்.

பையனுக்குப் போன நவம்பரிலிருந்து வீசிங். நெபுலைசரே வாங்கி வைத்துவிட்டோம். மொட்டைமாடிக் கொடியில் காயும் வேட்டியை உதறினால் கறுப்பாகத் தூசி பறக்கிறது. விற்றுவிட்டு முடிச்சூர் பக்கம் தனி வீடு வாங்கலாம் என்கிறாள் மனைவி. அம்மா ஒரே பிடியாக, "என்னைத் தூக்கிட்டுப் போனப்புறம் நீங்க எங்க வேணா போங்க" என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை இந்தச் சண்டையில் வைத்த குழம்பு அப்படியே இருந்தது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சேலையூர் வாசு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விற்றுவிடுங்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே சொல்லிவிட்டது. பி.எம் 2.5 என்கிற நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் 2021 வரையறை. நம் நாட்டு வரையறை 40. அதாவது நம் சட்டப்படி 'நல்ல காற்று' என்பதே அவர்கள் கணக்கில் எட்டு மடங்கு. அதுவும் ஊருக்குப் பொதுவான கணக்கு. நீங்கள் புகைக்குழாய்க்கு நேராக உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏழு வயது நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பாட்டியின் பிடிவாதத்துக்குப் பேரன் மூச்சைப் பணயம் வைக்காதீர்கள்.

திண்ணைப் பூனை:
வாசு சார், "பிடிவாதம்" என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகப் போடாதீர்கள். என் மாமியாரை 74 வயதில் பம்மலிலிருந்து ஊரப்பாக்கம் தாண்டி ஓர் அபார்ட்மென்டுக்குக் கூட்டிப்போனோம். நாலாவது மாடி, நல்ல காற்று, கீழே பார்க். எல்லாம் சரி. பூக்காரம்மா இல்லை, பால் பாக்கெட் கதவில் தொங்கும், பக்கத்து வீட்டில் இந்தி பேசுவார்கள். ஆறே மாதத்தில் இன்று என்ன கிழமை என்று கேட்க ஆரம்பித்தார். பழைய வீட்டில் வெள்ளிக்கிழமை எது என்று அவருக்குப் பூக்காரம்மாதான் காலண்டர். இதை எந்த மைக்ரோகிராமில் அளப்பீர்கள்?

அதோடு குரோம்பேட்டையில் அரசு ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், மருந்துக்கடை எல்லாம் நடந்து போகிற தூரம். இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் அந்தத் தூரம்தான் பேசும்.

சேலையூர் வாசு:
இரவு இரண்டு மணிக்குப் பையனுக்கு மூச்சு இளைத்தால்? அதையும் சொல்லுங்கள்.

அடையாற்றங்கரை:
நண்பரே, போவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். முடிச்சூர் என்று எழுதினீர்களே, அதற்கு மட்டும் பதில். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முடிச்சூரை ஒட்டிய வரதராஜபுரத்தில் இருந்தேன். அடையாறு எங்கே ஓடுகிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு எங்கள் ஹாலில் ஓடியது. மூன்று நாள் மொட்டைமாடியில். கல்யாண ஆல்பம், பீரோ, பத்திரங்களின் நகல், எல்லாம் சேற்றில். ஜி.எஸ்.டி ரோட்டுக்காரர்கள் அன்று காலையில் இட்லி சாப்பிட்டிருப்பார்கள்.

எல்லாத் தெருவும் அப்படியில்லை. ஆனால் வாங்கும் முன் பக்கத்து வீட்டுச் சுவரில் நீர் ஏறிய தடத்தைப் பாருங்கள். புது பெயின்ட் அடித்திருந்தால் மீட்டர் பெட்டியின் உயரத்தைப் பாருங்கள். தலைக்கு மேலே வைத்திருந்தால் காரணம் இருக்கும்.

ரிட்டயர்டு ஏ.இ:
முப்பத்திரண்டு வருடம் கட்டட வேலை பார்த்தவன். இருவரும் ஒரே வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறீர்கள். ரோட்டோர வீட்டுக்குள் இரண்டு வீடு இருக்கிறது. முன் அறை ஒன்று, பின் அறை ஒன்று.

முதலில் சத்தம். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. ஜி.எஸ்.டி ரோட்டில் அது கனவு. வண்டிகள் வரிசையாக ஓடும் ரோட்டில் தூரம் இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் குறையும். அதனால் காம்பவுண்டுக்குள் பத்தடி தள்ளிப்போவதில் பலன் இல்லை. நடுவில் சுவர் வந்தால் கதையே வேறு. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும்.

எல்லோரும் யு.பி.வி.சி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் போடு என்பார்கள். ஸ்லைடிங் போட்டால் பாதிப் பணம் வீண். இடுக்கு வழியே சத்தம் வரும். கதவு மாதிரி திறந்து, ரப்பர் பட்டையில் அழுந்தி மூடுவதுதான் சரி. அதைப் போட்டுவிட்டுத் தலைக்கு மேலே பார்ப்பதில்லை. எழுபதுகளில் கட்டிய வீடுகளில் ஜன்னலுக்கு மேல் திறந்த வெண்டிலேட்டர் இருக்கும். அதை விட்டுவிட்டுக் கீழே எவ்வளவு செலவழித்தாலும் பயனில்லை.

காற்றுக்கு ஒரு விஷயம். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் பின்பக்கம் இருந்து, முன் ஜன்னலும் திறந்திருந்தால், அந்த ஃபேன் வெளியே தள்ளும் அளவுக்கு ரோட்டுப் புகையை முன்பக்கமாக வீட்டுக்குள் இழுக்கும். தாளிக்கும்போது முன்பக்கத்தை மூடிப் பின்பக்கத்தைத் திறங்கள். காசில்லாத வைத்தியம்.

பையன் எந்த அறையில் தூங்குகிறான்?

சேலையூர் வாசு:
ஏ.இ சார், மரியாதையோடு கேட்கிறேன். ஜன்னலை மூடிக்கொண்டே வாழ்வது ஒரு வாழ்க்கையா? ஏர் ப்யூரிஃபையர் ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவைப் பிடிக்காது. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றும்.

ரிட்டயர்டு ஏ.இ:
நீங்கள் சொல்வது உண்மைதான், தீர்வு என்று நானும் சொல்லவில்லை. 300 மீட்டர் தள்ளிப் போனால் ரோட்டுப் புகையின் தனிப் பங்கு பெருமளவு குறைந்துவிடும். முடிச்சூர் வரை போகவேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

மெட்ரோ வருது:
விற்காதீர்கள் ப்ரோ! விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ இந்த ரோட்டு மேலேதான் திட்டம். வந்தால் விலை எங்கேயோ போய்விடும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 கடைசியில் திறந்தபிறகு தென்மாவட்ட பஸ்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டியெல்லாம் பி.எஸ் 6, அதாவது புகைக்குக் கடுமையான வரம்பு வைத்த வண்டிகள். காற்று தானாகவே சரியாகும்.

திண்ணைப் பூனை:
நான் இருக்கச் சொல்லும் கட்சிதான். ஆனாலும் இந்த வாதத்தோடு என்னைச் சேர்க்காதீர்கள். மெட்ரோ வருகிறது என்றால் முதலில் தூண் வரும். வாசலில் தகரத் தடுப்பு வைத்து வருடக்கணக்கில் தோண்டுவார்கள். அதுவரை பையன் எதைச் சுவாசிப்பான்? பி.எஸ் 6 வண்டிக்கும் பிரேக்கும் டயரும் தேயத்தானே செய்யும். அந்தத் தூசிக்கு எந்த எமிஷன் சர்ட்டிபிகேட்டும் கிடையாது.

பத்திரம் பாக்கியம்:
யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். வீடு யார் பேரில்? அப்பா உயில் எழுதினாரா? கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர்?

குரோம்பேட்டைக்காரன்:
அப்பா பேரில்தான் இருக்கிறது, உயில் இல்லை. எனக்கு இரண்டு அக்காக்கள். பெரியக்கா கோயம்புத்தூர், சின்னக்கா திருச்சி.

ஏ.இ சார், பையன் முன் அறையில்தான் தூங்குகிறான். ஏசி அங்கேதான் இருக்கிறது. அப்பாவுக்காகப் போட்டது.

பத்திரம் பாக்கியம்:
நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் இல்லாமல் போனால் அம்மா, நீங்கள், அக்காக்கள் இருவர், ஆளுக்குக் கால் பங்கு. நாலு பேரும் கையெழுத்துப் போடாமல் கிரயம் ஆகாது. முழு விலையை மனதில் வைத்து முடிச்சூரில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பங்கு அதில் நாலில் ஒன்று. அக்காக்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் சரி; எழுதிக் கொடுப்பார்கள் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். என் வீட்டில் நான்தான் சின்னக்கா. என் தம்பி என்னைக் கேட்காமலே அட்வான்ஸ் வாங்கிவிட்டான். இன்றுவரை பொங்கல் சீர் இல்லை, பேச்சும் இல்லை.

சேலையூர் வாசு:
இது எனக்குத் தோன்றவேயில்லை. சரி, விற்பதை விடுங்கள். பையனை அந்த வீட்டில் வைக்காதீர்கள் என்பதில் நான் மாறவில்லை.

திண்ணைப் பூனை:
அதில் எனக்கும் சண்டை இல்லை. அம்மாவை அந்த ஊரிலிருந்து பிடுங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

குரோம்பேட்டைக்காரன்:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போனில் சத்தம் அளக்கும் ஆப் போட்டு இரவு பதினொரு மணிக்குப் பார்த்தேன். முன் அறை ஜன்னலை மூடியும் 64 டெசிபல். பின்னால் பழைய சாமான் போடும் அறையில் 47. ஆப்பை எவ்வளவு நம்பலாம் தெரியாது, ஆனால் இரண்டு அறைக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த அறையைக் காலி செய்தோம். அப்பாவின் ஈஸிசேர் கட்டை, இரண்டு பித்தளை அண்டா, ஒரு சாக்கு நிறையப் பழைய பேப்பர். பையன் கட்டிலை அங்கே போட்டு ஒரு வாரம் ஆகிறது. அவனுக்கு வீசிங் குறைந்ததா என்று சொல்ல இது போதாது. டாக்டரும் அப்படித்தான் சொன்னார். கொடுத்த இன்ஹேலரை நிறுத்தவே கூடாது என்றார்.

அம்மாவையும் பின்னால் வரச் சொன்னேன். மறுத்துவிட்டார். 2020 ஊரடங்கில் ரோட்டில் வண்டியே இல்லாதபோது அவர் ராத்திரியெல்லாம் விழித்திருந்தார். "சத்தம் நின்னா என்னவோ ஆயிடுச்சோன்னு இருக்கு" என்றார். ஊரே அந்த அமைதியைப் புகழ்ந்தபோது அவர் மட்டும் தூங்கவில்லை. நாற்பது வருடம் இந்தச் சத்தத்தில் படுத்தவர்.

அக்காக்களிடம் பேசினேன். பெரியக்காவுக்கு இப்போது பணம் வேண்டாமாம். சின்னக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்பவாவது கேட்டியே" என்றாள். மூன்று பேரும் சேர்ந்து யோசித்ததில், இப்போதைக்கு விற்பதில்லை. வீட்டைக் கடைக்கோ கிளினிக்குக்கோ வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் நியூ காலனி உள்தெருவில் ஒரு வீடு எடுப்பது. மிச்சம் அம்மா கைக்கு. அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "குமரன்குன்றம் கோயிலுக்கு அங்கிருந்து ஆட்டோ எவ்வளவு கேப்பான்?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளை ஒரு வீடு பார்க்கப் போகிறோம், அம்மாவும் வருகிறார்.

பத்திரம் பாக்கியம்:
வாடகை ஒப்பந்தத்தில் அம்மாவும் அக்காக்களும் கையெழுத்துப் போடட்டும். கடைக்கு விட்டால் கரன்ட் கணக்கு வணிகக் கட்டணத்துக்கு மாறும், சொத்து வரியும் ஏறும். அதைக் கழித்துவிட்டு வாடகையைப் பேசுங்கள்.

அடையாற்றங்கரை:
மீட்டர் பெட்டியைப் பார்க்க மறக்காதீர்கள்.

ரிட்டயர்டு ஏ.இ:
பகலில் மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தடவை தனியாகப் போய், படுக்கையறையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் நில்லுங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.