புதுப்பிப்பு: ஆவணத்தில் உள்ள நிரல்கள் இப்போது ஓடுகின்றன

போன மாதம் கேட்டிருந்தேன்: பைத்தான் நிரல்மொழியில் எழுதிய எங்கள் சிறிய திட்டத்தின் ஆவணத்தில் எடுத்துக்காட்டுகள் பழசாகி, புதிதாக வருபவர்கள் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள், என்ன செய்யலாம் என்று. பலர் சொன்ன டாக்டெஸ்ட்டையே எடுத்துக்கொண்டோம். 2001 முதல் பைத்தானோடு சேர்ந்தே வரும் கருவி. எடுத்துக்காட்டை ஓட்டி, கீழே எழுதியிருக்கும் விடையோடு ஒப்பிடும்.

முதல் ஓட்டத்திலேயே 11 எடுத்துக்காட்டுகள் தோற்றன. அதில் இரண்டில் தவறு ஆவணத்தில் இல்லை, நிரலில்! அதுவே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. செட் (பைத்தானில் வரிசை இல்லாத தொகுப்பு) அச்சாகும் வரிசை மாறுவதால் சில வீணாகத் தோற்றன. வரிசைப்படுத்தி அச்சிட்டதும் சரியாகிவிட்டது.

அப்புறம், விளக்க உரை பழசாவதை டாக்டெஸ்ட் கண்டுபிடிக்காது. அதனால் செயல்பாட்டை மாற்றுபவரே அதே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) பக்கத்தையும் திருத்த வேண்டும் என்று முடிவு செய்தோம். நிறுவல் பக்கம் பாக்கி. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஒருமுறை செய்து பார்த்துச் சொல்லுங்கள்.