எழுத்துக் கத்துக்கிற பெரியவங்களுக்கு வாட்ஸ்அப் குரூப்: நடத்துனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மாலைவகுப்பு_திண்டுக்கல்:

வணக்கம். எங்க ஊர்ல அஞ்சு மாசமா வாரத்துல நாலு நாள், சாயங்காலம் ஆறரையிலேருந்து எட்டு வரைக்கும் பள்ளிக்கூட வராண்டாவுல வகுப்பு நடத்துறேன், புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துல தன்னார்வலரா. மொத்தம் 17 பேரு, அதுல 15 பேரு பொம்பளைங்க. முக்கால்வாசிப் பேரு நூறு நாள் வேலைக்கோ மல்லிகைப்பூ பறிக்கவோ போறவங்க. பூ சீசன் வந்துட்டா பாதி வராண்டா காலி, இருட்டோட எந்திரிச்சுப் போயி பூப்பறிச்சுட்டு வந்து வீட்டு வேலையும் பாத்தவங்கள சாயங்காலம் வந்து எழுதுங்கன்னு நான் எந்த வாயால சொல்றது.

சரி, வராத நாள்லயும் விட்டுப் போகாம இருக்கட்டும்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சேன். உயிரெழுத்து பிடிஎஃப் ஒண்ணு, யூடியூப் லிங்க் நாலு, தினம் ஒரு பயிற்சித்தாள்னு போட்டுத் தள்ளுனேன். ஒருத்தரும் திறக்கல. குரூப்ல வந்ததெல்லாம் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கமும், ஒரு அக்கா பையன் அனுப்புன கிரிக்கெட் மீமும்தான். அப்புறம்தான் விசாரிச்சேன், 17 பேர்ல சொந்தமா டச் போன் வச்சிருக்கறது 6 பேரு, மத்ததெல்லாம் மகன் போன், மருமக போன். போன வாரம் ஒரு அக்கா, "எழுத்தே தெரியாத எங்கள எழுத்தா வந்து விழுற குரூப்புல சேத்துவிட்டியே தம்பி"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, எனக்குத்தான் சுருக்குன்னு ஆயிருச்சு.

மூடிரலாமா, இல்ல இத உருப்படியா நடத்த வழி இருக்கா?

பழைய_அறிவொளிக்காரன்:

தம்பி, மூடாதீங்க. நான் 1991ல புதுக்கோட்டையில, பெரியவங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுத்த அறிவொளி இயக்கத்துல தொண்டரா இருந்தவன். அப்ப எங்க கையில இருந்தது அரிக்கேன் வெளக்கும் சாக்பீஸும்தான், இருந்தாலும் நீங்க செஞ்ச தப்ப நாங்களும் செய்யப் பாத்தோம், அதான் அ ஆ இ ஈல ஆரம்பிக்கிறது. நாப்பது வயசு ஆள உக்கார வச்சு 247 எழுத்தையும் வரிசையா காட்டுனா மறுநாள் வரமாட்டாங்க. அறிவொளிப் புத்தகத்துல முதல் பாடமே பட்டா, படி. ரெண்டே வார்த்தை, ஆனா நெலம் இல்லாதவங்க, நெலத்த ஏமாந்தவங்க எல்லாரையும் பேச வச்ச வார்த்தை. முதல்ல பேச்சு, அதுக்கப்புறம் எழுத்து. உங்க ஊருக்குப் பூ இருக்கு, கிலோ இருக்கு, கூலி இருக்கு, அதுலேருந்து புடிங்க.

இன்னொண்ணு. அந்தக் காலத்துல கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் பொம்பளைங்கள சைக்கிள் கத்துக்கச் சொல்லி ஊக்கம் குடுத்தாங்க. படிப்புக்கும் சைக்கிளுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டவங்கள்ல நானும் ஒருத்தன். பத்தே நாள்ல பதில் தெரிஞ்சுது, சைக்கிள் ஓட்டுன பொம்பள வகுப்புக்கு வேற மாதிரி வந்து உக்காந்தா. இன்னைக்கு உங்களுக்கு அந்த சைக்கிள் போன்தான், மகன் கையில இருக்கிற போன் அம்மா கைக்கு வரணும்.

1992ல மாவட்டமே முழு எழுத்தறிவு பெற்றதா அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் எங்க பக்கத்துல பல பேருக்கு எழுத்து மறந்தே போச்சு, படிக்கிறதுக்கு எதுவும் தினம் கைக்கு வரல. அப்ப இந்த வாட்ஸ்அப் இருந்திருந்தா கதையே வேறன்னு நெனச்சுக்குவேன்.

திருப்பூர்_டீச்சரக்கா:

நான் பனியன் கம்பெனி வேலைக்குப் போறவங்களுக்கு பத்தாவது பாடம் எடுக்கறேனுங்க, தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமா எழுதறவங்க. அதுல ஒருக்கா பதிவு பண்ணுனா அஞ்சு வருசத்துல ஒம்போது தடவ பரீட்சை எழுதிக்கலாம், அதனால யாரையும் அவசரப்படுத்தறதில்லீங்க. உங்க ஆளுங்களும் என் ஆளுங்களும் வேற வேற நெலமை, ஆனா குரூப் விசயத்துல நான் பட்டத சொல்றேன்.

லிங்க் போடாதீங்க, டேட்டா தீந்துரும்னு பயந்துட்டு தொடவே மாட்டாங்க. உங்க குரல்ல ஒரு நிமிசத்துக்குள்ள பேசி அனுப்புங்க. முகம் தெரிஞ்ச ஆளு பேர் சொல்லிக் கூப்பிட்டா கேப்பாங்க, "பாப்பாத்தி அக்கா, சாப்டாச்சா, இன்னைக்கு கிலோங்கற வார்த்தைய எழுதிப் பாருங்க"ன்னு. அவங்க நோட்டுல எழுதி போட்டோ எடுத்துப் போடட்டும். தப்ப குரூப்ல திருத்தாதீங்க, தனியா ஒரு வாய்ஸ் அனுப்புங்க. நான் ஒருத்தரோட கணக்க குரூப்லயே சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுனேன், அதோட அவரு பேசறதையே விட்டுட்டாரு, மூணு மாசம் ஆச்சு மறுபடி ஒரு "ம்" வர.

காலை வணக்கத்த தடுக்கறதுக்கு அட்மின் மட்டும் பேசறாப்பல மாத்திறலாம்னு தோணும், மாத்திறாதீங்க. மாத்துனா அது நோட்டீஸ் போர்டு ஆயிரும். வணக்கம் போடறவங்க பழகறாங்கன்னு விட்ருங்க, சண்டைக்கு வந்தா பாத்துக்கலாம்.

இளையராணி_கணினி:

யாரும் சொல்லாத விசயம்: குரூப்ல இருக்க எல்லாருக்கும் எல்லாரோட நம்பரும் தெரியும். 15 பெண்கள் இருக்க குரூப்ல மகன், புருஷன், மச்சான் போன் வழியா ஆம்பளைங்களும் எட்டிப் பாக்குறாங்கன்னா ராத்திரி பத்து மணிக்கு ராங் கால் வர ரொம்ப நாள் ஆகாது. புது ஆளச் சேக்க உங்க ஒப்புதல் வேணும்ங்கிற மாதிரி செட்டிங்ல மாத்துங்க. சேக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் நேர்ல கேளுங்க. அப்படியே ஓடிபின்னா என்ன, ஏன் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஒரு வகுப்பே எடுங்க, ப்ளீஸ். படிக்கத் தெரியாதவங்ககிட்ட போன் மட்டும் போய்ச் சேந்தா அது பாதி உதவி பாதி ஆபத்து.

காவேரிக்கரை:

எங்கம்மா கத கேளுங்க. போன்ல யாரு யாருன்னு அம்மாவுக்கு டிபி போட்டோ பாத்துதான் தெரியும். ஒரு நாள் எங்க சின்னம்மா டிபிய மாத்தி முருகன் படம் வச்சிருச்சு, பெரிய மாமா வீட்லயும் முருகன்தான், அம்மா மாமாவுக்குப் போன் போட்டு சின்னம்மாவத் திட்டிருச்சு. அன்னைக்குதான் "இந்தப் பேரெல்லாம் படிக்கச் சொல்லிக் குடுடி"ன்னு உக்காந்துச்சு. காண்டாக்ட்ல எல்லாப் பேரையும் தமிழ்ல மாத்திக் குடுத்தேன், ரெண்டு மாசத்துல நாப்பது பேரையும் அம்மா படிச்சிருச்சு. பாடப்புத்தகம் கிடையாது ஒண்ணும் கிடையாது.

கரும்பலகை:

எல்லாரும் போன் போன்னு சொல்றீங்க. நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம். இந்த எழுத்தறிவுத் திட்டத்துல கடைசியில நடக்கிற அடிப்படை எழுத்தறிவுத் தேர்வு 150 மார்க், படிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50, எல்லாம் பேப்பர்ல. மைக்க அமுக்கிப் பேசுனா போனே டைப் பண்ணிருது, வாய்ஸ் அனுப்பவும் முடியுது, அப்புறம் எதுக்கு எழுதணும்னு ஒருத்தங்க கேட்டா என்ன பதில் சொல்வீங்க?

திருப்பூர்_டீச்சரக்கா:

நல்ல கேள்விங்க. ஆனா அந்த மைக்கையே நான் பாடமாக்கிட்டேன். அவங்க பேசணும், போன் எழுதறத அவங்களே படிச்சுப் பாக்கணும், அப்புறம் நோட்டுல பாத்து எழுதணும். நம்ம ஊருப் பேச்சுக்கு போன் தடுமாறும்ல, "களை எடுக்கப் போறேன்"னு சொன்னா "கலை எடுக்கப் போறேன்"னு போட்டுச்சு. அத ஒரு பாட்டி கண்டுபுடிச்சு, போனுக்கே தப்பு வருதுன்னு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. அன்னைக்கு ல, ள நான் சொல்லிக் குடுக்கவே இல்லீங்க.

மாலைவகுப்பு_திண்டுக்கல்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். எல்லாருக்கும் நன்றி. பிடிஎஃப் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். குரூப் பேர அவங்களையே வைக்கச் சொன்னேன், "பூக்கார வகுப்பு"ன்னு வச்சாங்க. எல்லார்கிட்டயும் நேர்ல கேட்டேன், மூணு பேரு வேணாம்னாங்க, எடுத்துட்டேன். அஞ்சு பேருக்கு போன் கைக்கே வரல, அவங்களுக்கு பக்கத்து வீட்டு ஆள சோடி சேத்து விட்டிருக்கேன், அது பாதி நடக்குது பாதி நடக்கல. அறிவொளி ஐயா சொன்ன மாதிரி பூ, கிலோ, கூலி. தினம் எடை போட்டத எழுதி போட்டோ போடச் சொன்னேன். அதுல ஒரு அக்கா ரெண்டு நாள் எடைய கூட்டிப் பாத்துட்டு, தரகர் சீட்டுல கால் கிலோ கொறையுதுன்னு கேட்டே புட்டாங்க.

இப்ப ஒரு சந்தேகம். நேத்து ராத்திரி முதல் தடவையா ஒருத்தங்க சொந்தமா டைப் பண்ணி அனுப்பிருக்காங்க: "நாலைக்கு வறமாட்டன் பூ இருக்கு". இதத் திருத்தலாமா வேணாமா?

பழைய_அறிவொளிக்காரன்:

திருத்தாதீங்க. "சரிக்கா, நாளைக்கு வரலன்னா பரவாயில்ல, நாளான்னைக்கு வாங்க"ன்னு பதில் மட்டும் டைப் பண்ணிப் போடுங்க. அவங்க ரெண்டையும் வச்சுப் பாப்பாங்க.