ஏமன் போரும் அமெரிக்க காங்கிரஸும்: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வேறொரு நாட்டின் போருக்கு அரசு தரும் உதவியை மக்கள் பிரதிநிதிகளால் நிறுத்த முடியுமா என்று மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏமன் உள்நாட்டுப் போரில் ஹூதி கிளர்ச்சியாளர்களை எதிர்த்துக் குண்டு போட்ட, சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணியின் விமானங்களுக்கு அமெரிக்கா நடுவானில் எரிபொருள் நிரப்பிக் கொடுத்தது. 2018 ஆகஸ்டில் ஏமனின் தஹ்யான் ஊரில் பள்ளிக் குழந்தைகள் போன பேருந்து மீது கூட்டணியின் குண்டு விழுந்து 40 குழந்தைகள் இறந்தார்கள். அந்த நவம்பரில் எரிபொருள் உதவி நின்றது. மற்ற உதவிகள் தொடர்ந்தன. 2019இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் உதவியை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டன. மேலவையான செனட்டில் ஆதரவு 54, எதிர்ப்பு 46. அப்போதைய ஜனாதிபதி டிரம்ப் வீட்டோ செய்தார், அதாவது தன் அதிகாரத்தால் தீர்மானத்தைத் தடுத்தார். அந்த வீட்டோவை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். செனட்டில் கிடைத்தது 53 வாக்குதான். பெரும்பான்மை இருந்தும் கை கட்டப்பட்டதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, என் கேள்வி இதுதான். எரிபொருள் நிரப்புவதும் உளவுத் தகவல் தருவதும் 1973ஆம் ஆண்டுப் போர் அதிகாரச் சட்டப்படி (காங்கிரஸ் ஒப்புதல் இல்லாமல் ஜனாதிபதி படைகளைப் போரில் ஈடுபடுத்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டம்) போரில் ஈடுபடுவது ஆகுமா? ஆகாது என்றது அரசு. ஆகும் என்று சொன்ன எதிர்த்தரப்பின் வாதத்தை யாராவது எளிமையாக விளக்க முடியுமா? அப்புறம், அந்த செனட் விவாதங்களை முழுதாகப் படித்தவர்கள் இருந்தால், எந்த உரையிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.