ஆர்டிஎக்ஸ் 4060: எந்த கம்பெனி கார்டு வாங்கலாம்?

பிரபு_கேமர்:
1080பி-யில் (ஃபுல் எச்டி திரையில்) கேம் ஆட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு வாங்குவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் ஜிகாபைட் விண்ட்ஃபோர்ஸ், அதே ஜிகாபைட்டில் ஈகிள், எம்எஸ்ஐ வென்டஸ், ஆசுஸ் டூயல் என்று ஒரே சிப்பை ஆளுக்கொரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள், விலையும் ஆளுக்கொன்று. மூன்று ஃபேன் இருந்தால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) கூடுமா? என் கேபினெட்டில் 240 மி.மீ. வரைதான் கார்டு நுழையும்.

தென்றல்88:
எஃப்பிஎஸ்ஸுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள் ப்ரோ. என்விடியா சொல்லும் பூஸ்ட் (கேம் ஓடும்போது சிப் எட்டும் வேகம்) 2460 மெகாஹெர்ட்ஸ், வேகம் கூட்டி விற்கும் விண்ட்ஃபோர்ஸ் ஓசி 2475. ஒரு சதவீதம்கூடத் தேறாது. அதுவும் பெட்டியில் அச்சடித்த எண்தான், சூடு ஏறாதவரை எல்லா கார்டும் தானாகவே அதைத் தாண்டி ஓடும். 4060 இழுப்பதே 115 வாட், அதற்கு இரண்டு ஃபேன் தாராளம். ஈகிள் ஓசி 272 மி.மீ., உங்கள் கேபினெட்டுக்குள் போகவே போகாது. விண்ட்ஃபோர்ஸ் 192, வென்டஸ் 199, டூயல் 227.

மாலா_எடிட்ஸ்:
நீளம் சரி, தடிமனையும் பாருங்கள். டூயல் கிட்டத்தட்ட 50 மி.மீ., மதர்போர்டில் இரண்டரை ஸ்லாட் இடம் பிடிக்கும், கீழே வைஃபை கார்டு ஏதாவது செருகியிருந்தால் இடிக்கலாம். ஆனால் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) பெரிதாக இருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும், ராத்திரியில் வீடியோ எடிட் செய்கிற எனக்கு அதுதான் முக்கியம். என் பழைய கார்டில் (கம்பெனி பெயர் வேண்டாம்) ஃபேன் பேரிங் தேய்ந்து, ரெண்டர் போட்டாலே கரகரவென்று சத்தம், பக்கத்து அறைவரை கேட்கும். அப்போதிலிருந்து சீக்கிரம் தேயாத பால் பேரிங்கா, சாதா ஸ்லீவ் பேரிங்கா என்று பார்க்காமல் நான் வாங்குவதில்லை. காயில் வைன் (கார்டில் உள்ள காயில்கள் அதிர்ந்து வரும் கீச்சு சத்தம்) மட்டும் பிராண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஒரே மாடலில் ஒன்று கீச்சிடும், இன்னொன்று அமைதியாக இருக்கும்.

பிரபு_கேமர்:
நன்றி, அப்போ ஈகிள் அவுட். வைஃபை கார்டு எனக்கும் இருக்கிறது, அதனால் வென்டஸ் பக்கம் மனசு போகிறது. சின்ன கார்டு என்றால் சத்தம் அதிகமாகுமா?

தென்றல்88:
கொஞ்சம் இருக்கும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு ஃபேன் கர்வை (எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகம் என்ற கணக்கை) இறக்குங்கள், அது எந்த பிராண்ட் கார்டிலும் வேலை செய்யும். வோல்டேஜையும் லேசாகக் குறைத்தால் சூடு இன்னும் இறங்கும், எஃப்பிஎஸ் அநேகமாக அப்படியேதான் இருக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், உங்கள் ஊரில் எந்த கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ரிப்பேருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் கார்டு இல்லாமல் உட்கார்ந்திருப்பது பெரிய கொடுமை. பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.