ஸ்கோப் வழியே பார்த்தது: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

நாங்குநேரியிலிருந்து

கூந்தன்குளத்தில் பறவை சீசன் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, எத்தனை எக்ஸ் வாங்கலாம்?" எக்ஸ் என்றாலும் பவர் என்றாலும் ஒன்றுதான்: ஸ்கோப்போ பைனாகுலரோ எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்ற எண். எல்லோரும் பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குகிறார்கள். எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது அந்த எண் இல்லை. அன்றைக்குக் குளத்துக்கு மேலே இருக்கிற காற்றுதான் முதலில். அடுத்தது ஸ்கோப்பைத் தாங்கி நிற்கும் ட்ரைபாட்.

கூந்தன்குளம் 1994-இல் சரணாலயம் ஆனது, பிறகு உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மஞ்சள்மூக்கு நாரையைப் பார்க்க அங்கே ஸ்கோப்பே தேவையில்லை. ஊருக்குள் தெரு மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. தீபாவளிக்கு வெடி போடாத ஊர், பறவைக்கு என்ன பயம்? ஸ்கோப் வேண்டியிருப்பது நடுக்குளத்தில் கூட்டமாக ஒதுங்கியிருக்கும் வாத்துகளுக்குத்தான்.

ஒரு ஜனவரிக் காலை. இராத்திரி வயலில் மேய்ந்துவிட்டு வந்த வரித்தலை வாத்துகள் திட்டில் ஓய்வாக நின்றன. பக்கத்தில் பைனாகுலரோடு நின்ற தம்பி, "அண்ணாச்சி, ஒண்ணு கழுத்துல என்னமோ மாட்டியிருக்கு" என்றான். என்னுடையது 20-60 பவர், 80 மி.மீ. லென்ஸ் உள்ள ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ட்ரைபாடில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. 20-இல் வைத்தபோது பட்டை என்று புரிந்தது. 40-க்கு ஏற்றியதும் பச்சைப் பட்டையில் வெள்ளை எழுத்து தெரிந்தது. மங்கோலியாவில் ஆய்வாளர்கள் இந்த வாத்துகளுக்குக் கழுத்துப் பட்டை போடுகிறார்கள் என்று படித்திருந்தேன். இமயமலையைத் தாண்டி வந்த பறவை நம்ம குளத்துத் திட்டில் நிற்கிறது என்று நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எழுத்து முழுவதும் தெரிய அது கழுத்தைத் திருப்ப வேண்டும். காத்திருந்தோம். இடையில் ஆசைப்பட்டு 60-க்குப் போனேன். எழுத்து பெரிதானது, ஆனால் ஓரமெல்லாம் கரைந்துபோய் மூன்றும் எட்டும் ஒன்றுபோல் இருந்தன. மறுபடி 40-க்கு இறக்கித்தான் தம்பியும் நானும் மாறி மாறிப் பார்த்துப் படித்து முடித்தோம். வெயில் ஏறியபின் அதே வாத்தைப் பார்த்தால் கழுத்து பாம்பாக நெளிகிறது. சூடான கரைமண்ணிலிருந்து கிளம்பும் காற்று ஒளியை அங்கங்கே வளைத்துவிடும். அந்தக் கானலையும் சேர்த்துத்தான் ஸ்கோப் பெரிதாக்கிக் காட்டும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸானாலும் இதற்கு மருந்து கிடையாது. விடிந்ததும் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

வெளிச்சக் கணக்கு எளிதானது. லென்ஸின் அகலத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 80-ஐ 20-ஆல் வகுத்தால் 4 மி.மீ. 60-ஆல் வகுத்தால் 1.3 மி.மீ.தான். மங்கலான வெளிச்சத்தில் 60 இருட்டடிப்பது இதனால்தான்.

காவல் கோபுரத்தின் மேல் ஸ்கோப் வைக்காதீர்கள். யாராவது ஒருவர் படியேறினாலும் பறவை குலுங்கும். தரையில் வையுங்கள். ட்ரைபாடின் கடைசி மெல்லிய காலை இழுக்காமல், நடுக்கம்பியில் பையைத் தொங்கவிட்டால் வள்ளியூர்ப் பக்கத்துக் காற்றையும் ஓரளவு தாங்கும்.

சென்ற வாரம் ஒரு பையன் 3-9x40 (3 முதல் 9 பவர், 40 மி.மீ. லென்ஸ்) ஏர்கன் ஸ்கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பறவை பார்க்க வந்திருந்தான். விலை குறைவு என்று வாங்கியிருக்கிறான். அது ஏன் தோதுப்படாது என்று பாளையங்கோட்டை அண்ணாச்சி விளக்கினால் நன்றாக இருக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. பட்டாளத்தில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

துப்பாக்கி ஸ்கோப் பின்னால் உதைக்கிற கருவியின் மேல் உட்காருவது. அதனால் கண்ணை மூன்று நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்க்கும்படி செய்கிறார்கள். கையில் பிடித்துப் பார்த்தால் அந்தத் தூரம் நிலைக்காது, படம் கறுத்துக் கறுத்துப் போகும். 9 பவரில் 100 மீட்டரில் நாலு மீட்டர் அகலம்தான் தெரியும். 8x42 பைனாகுலரில் 13 மீட்டர் வரை தெரியும். பறக்கிற பறவையை அந்த நாலு மீட்டருக்குள் பிடிப்பது பெரும்பாடு. அந்தப் பையனிடம் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: சரணாலயக் கரையில் துப்பாக்கிச் சாமானோடு நின்றால் வனத்துறை கேள்வி கேட்கும், கேட்கத்தான் வேண்டும். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை கூடாது. வல்லநாட்டு வெளிமானும் கங்கைகொண்டான் புள்ளிமானும் இன்று நிற்பதற்கு அது ஒரு காரணம்.

என் மச்சினன் மகன் நியூசிலாந்தில் இருக்கிறான். அங்கே மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது, காட்டை அழிக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு சுடலாம். "மாமா, 25 பவர் வாங்கவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். 44 மி.மீ. லென்ஸில் 15 பவர் வைத்தாலே கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 3 மி.மீ. கூட இருக்காது, 6-இல் வைத்தால் 7 மி.மீ. வரும். குறைந்த பவரில் மானைத் தேடிப் பிடித்து, வெளிச்சமும் காற்றும் விட்டால் ஏற்றிக்கொள் என்றேன். 3-15 போதும்.

அதைவிட முக்கியம், குறியை ஏற்றி இறக்கும் திருகாணி. அது க்ளிக் க்ளிக்காகத் திரும்பும்; ஒரு க்ளிக்குக்குக் குறி எவ்வளவு நகரும் என்பதை மில் என்ற கோண அளவில் சொல்வார்கள். 0.1 மில் க்ளிக் என்றால் 100 மீட்டரில் 1 செ.மீ., 300 மீட்டரில் 3 செ.மீ. 308 என்ற தோட்டா போடும் துப்பாக்கியை 100 மீட்டருக்குச் சரிசெய்து வைத்திருந்தால், 300 மீட்டரில் குண்டு ஒரு முழத்துக்குப் பக்கமாகக் கீழே இறங்கிவிடும். பதினைந்து க்ளிக் ஏற்ற வேண்டும். ஏற்றியதை இறக்கினால் பழைய இடத்துக்கே வருகிறதா என்று அட்டையில் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போகக் கூடாது. அப்புறம் பேரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்ந்ததுபோல் தெரிகிற பிழை. துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். குறிக்கோடு இலக்கின் மேல் நகர்ந்தால் பக்கத்துக் குமிழைத் திருப்பி நிறுத்த வேண்டும். மானுக்குக் காயம் மட்டும் பட்டு ஓடினால் அது எங்கோ கிடந்து துடித்துச் சாகும். அதனால்தான், நிச்சயம் இல்லாத தூரத்தில் விரலை எடுத்துவிடு என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

நாங்குநேரித் தம்பி கானலைக் குறை சொல்கிறார். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அது எங்களுக்கு உதவி. ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் ஃபோகஸை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் கானல் தெளிவாகத் தெரியும். இடமிருந்து வலமாக ஓடினால் காற்று அந்தப் பக்கம் போகிறது. நேர் மேலே கொதித்தால் காற்று இல்லை, இல்லாவிட்டால் நமக்கு நேராகவோ பின்னாலிருந்தோ அடிக்கிறது. குளத்திலும் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற கானலைவிட ஓடுகிற கானலில் இடையிடையே ஒரு நொடி படம் சுத்தமாக நிற்கும். பட்டை படிக்கிறவர்கள் அந்த நொடிக்குக் காத்திருக்கலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

அண்ணாச்சிமார் இருவரும் பெரிய கருவியைப் பற்றியே எழுதிவிட்டீர்கள். நான் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவள். 2011-இலிருந்து நடக்கிற கணக்கெடுப்பு அது. ஒரு குளத்தில் நின்று எண்ணிவிட்டு அடுத்த குளத்துக்கு ஓட வேண்டும். பிள்ளைகள் கையில் 8x42 தவிர வேறு எதையும் கொடுக்க மாட்டேன். 12 பவர் கொடுத்தால் கை நடுங்கி நாமக்கோழியையும் நீர்க்காகத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

திருப்புடைமருதூரில் போன மாதம் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை பைனாகுலரை வைத்ததும், "டீச்சர், ரெண்டு வட்டம் தெரியுது, நடுவுல கறுப்பா இருக்கு" என்றாள். கண்ணாடி போட்ட பிள்ளை. கண்பக்கத்து ரப்பரைக் கீழே திருகி இறக்கி, இரண்டு குழலையும் அவள் கண் இடைவெளிக்கு நெருக்கிக் கொடுத்தேன். மருத மரத்தில் இருந்த கொக்கின் கண் மஞ்சள் நிறம் என்று கத்தினாள். வாங்கும்போதே கண்ணாடி போடுகிறவர்கள் கேட்க வேண்டியது, கண்பக்கத்து லென்ஸிலிருந்து கண் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கும்வரை முழு வட்டம் தெரியும் என்பதை. 16 மி.மீ.க்குக் குறைந்தால் அவர்களுக்கு ஓரம் வெட்டுப்படும்.

கடை ட்யூப்லைட்டில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் தெரியும். முடிந்தால் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் வெளியே கொண்டுவந்து, நிழலில் இருக்கிற ஒரு மரத்தின் பட்டையைப் பாருங்கள். அதில் வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.